சிரிப்பொலியை நிறுத்திவிட்டுப் பார்த்தால்

திரையரங்குக்கு வரும் படத்தைத் தணிக்கை வாரியம் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கிறது. இப்போது யு/ஏ சான்றிதழிலேயே 7, 13, 16 என்று வயதுப் படிகள் வந்துவிட்டன. ஓ.டி.டி. தளங்களின் படங்களுக்கும் தொடர்களுக்கும் 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் இதேபோன்ற வயதுக் குறியீட்டைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஒரு தாயும் தந்தையும் தம் வீட்டுக்குள் எடுத்து யூடியூபில் ஏற்றும் காணொளிக்கு அப்படி எதுவும் கிடையாது. அதைத் தணிக்கை செய்யும் பொறுப்பு, மூன்று வயதுப் பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டே கைபேசியை அதன் முன் சாய்த்துவைக்கும் பெரியவரிடம் வந்து சேர்கிறது. அவர் கையிலுள்ள அளவுகோல் திரைப்படத்திலிருந்து வந்தது: கெட்ட வார்த்தை இருக்கிறதா, ஆபாசம் இருக்கிறதா, ரத்தமும் அடிதடியும் இருக்கிறதா? குடும்பக் காணொளியில் இவை பெரும்பாலும் இருப்பதில்லை. அப்பா, அம்மா, இரண்டு மூன்று பிள்ளைகள், ஒரு சமையலறை, ஒரு பிறந்தநாள். பார்த்ததுமே நம்பிக்கை வந்துவிடுகிறது. இந்த அளவுகோல் சிறு பிள்ளைகளுக்குப் பொருந்தாது என்பதே என் வாதம். காணொளியில் என்ன இல்லை என்று தேடுவதால் பயன் குறைவு. அதில் இருப்பதை அந்த வயது மனம் எப்படி எடுத்துக்கொள்ளும் என்றுதான் கேட்க வேண்டும். அதற்கு விடை காண ஏறக்குறைய எப்போதும் உதவும் அடையாளம் ஒன்று உண்டு. காணொளிக்குள் இருக்கும் குழந்தை என்ன நிலையில் இருக்கிறது என்பதே அது.

பழைய அளவுகோல் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து இரண்டு வழக்குகளைச் சொல்லலாம். மேரிலாந்து மாநிலத்தில் ஒரு தம்பதி நடத்திய குடும்பச் சேனலுக்கு 2017இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட சந்தாதாரர்கள் இருந்தார்கள். பிள்ளைகளைப் 'பிராங்க்' செய்வதே அதன் சரக்கு. ஒரு காணொளியில், தானாக மறைந்துவிடும் மையைத் தரைவிரிப்பில் கொட்டிவிட்டு, நீதான் செய்தாய் என்று மகனை இருவருமாகச் சேர்ந்து கத்தினார்கள். பிள்ளை கதறி அழுத பிறகு, சும்மா விளையாட்டு என்றார்கள். பார்வையாளர்களின் கண்டனம் பெருகி விவகாரம் நீதிமன்றம் போனது. இரண்டு பிள்ளைகளின் பொறுப்பு அவர்களைப் பெற்ற தாயிடம் மாற்றப்பட்டது. பிள்ளைகளைப் பேணாத குற்றத்துக்காகத் தம்பதிக்கு ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. இரண்டாவது வழக்கு யூட்டா மாநிலத்தில் நடந்தது. ஆறு பிள்ளைகளின் தாய் ஒருவர் 2015இல் தொடங்கிய சேனல் சுமார் 25 லட்சம் சந்தாதாரர்கள் வரை வளர்ந்தது. பக்தி, ஒழுக்கம், கண்டிப்பான வளர்ப்பு என்று அது பேசியது. கெட்ட வார்த்தை தேடும் எந்த வடிகட்டியிலும் அது சிக்கியிருக்காது. தண்டனையாகப் பல மாதங்கள் படுக்கையறை இல்லாமல் தரையில் ஒரு 'பீன் பேக்' மெத்தையில் உறங்கியதாக மகன் சொல்வதும் 2020இல் அதே சேனலில்தான் வெளியானது. 2023 ஆகஸ்டில் அந்தத் தாய் கைதானார். மிகக் கொடிய குழந்தை வதைக் குற்றங்களை ஒப்புக்கொண்டு 2024 பிப்ரவரியில் சிறைத்தண்டனை பெற்றார். இவை அரிதான வழக்குகள்தாம். குடும்பச் சேனல் நடத்தும் எல்லாரையும் இவர்களோடு சேர்ப்பது அநியாயம். ஆனாலும் ஒன்று தெளிவாகிறது. இந்த இரண்டு சேனல்களையும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்த வீடுகள் இருந்திருக்கும். கெட்ட வார்த்தையையும் ரத்தத்தையும் மட்டும் தேடிய கண்ணுக்கு அந்தப் பிள்ளைகளின் துன்பம் எதிரிலேயே இருந்தும் படவில்லை.

இனி, பார்க்கும் குழந்தையின் பக்கம் வருவோம். ஸ்டான்ஃபோர்டின் ஜான் ஃபிளாவெல் குழுவினர் 1990இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தொலைக்காட்சித் திரையில் தெரியும் பாப்கார்ன் கிண்ணத்தைக் காட்டிச் சிறுவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் பாப்கார்ன் கொட்டுமா? மூன்று வயதுப் பிள்ளைகள் பலர் கொட்டும் என்றார்கள். நான்கு வயதில் கொட்டாது என்ற தெளிவு பெருமளவு வந்துவிடுகிறது. பிம்பம் வேறு, பொருள் வேறு என்பதே மூன்று வயதில் இன்னும் நிலைபெறாதபோது, கேமராவுக்காக ஒருவர் கோபப்படுவதுபோல் நடிக்கிறார் என்பது அந்தப் பிள்ளைக்கு எட்டாது. நாடகத்தில் உடையும் மேடையும் இருக்கின்றன, கார்ட்டூனில் வரைந்த உருவங்கள் இருக்கின்றன. 'இது வேறு உலகம்' என்று சொல்லும் வேலி ஏதோ ஒன்று அங்கே நிற்கிறது. குடும்பக் காணொளியின் கவர்ச்சியே அந்த வேலி இல்லாததுதான். நம் வீட்டில் இருப்பது போன்ற சோபா, நம் வீட்டு அம்மா போன்ற அம்மா.

பிராங்க் காணொளியை இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். பிராங்க் என்பது அடிப்படையில் ஒரு மனக்கணக்கு. உண்மை என்ன என்பது நமக்குத் தெரியும், ஏமாறுபவருக்குத் தெரியாது, அவர் மனத்தில் இருப்பது தவறான எண்ணம் என்பதும் நமக்குத் தெரியும். இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்துவைத்தால்தான் சிரிப்பு வரும். குழந்தைகளால் எப்போது இது முடிகிறது என்று ஹைன்ஸ் விம்மர், யோசஃப் பெர்னர் என்னும் உளவியலாளர்கள் 1983இல் ஆராய்ந்தார்கள். மாக்ஸி என்ற சிறுவன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை வேறோர் அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வரும் மாக்ஸி எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள், சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தையே காட்டுகிறார்கள். தனக்குத் தெரிந்தது மாக்ஸிக்குத் தெரியாது என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. அதன்பின் வெவ்வேறு நாடுகளில் இந்தச் சோதனை நூற்றுக்கணக்கான முறை நடத்தப்பட்டது. பெரும்பாலான பிள்ளைகளிடம் நான்கு வயதையொட்டித்தான் இந்தத் திறன் தெளிவாகத் தென்படுகிறது. முகத்தில் காட்டும் உணர்ச்சியும் உள்ளே இருக்கும் உணர்ச்சியும் வேறாக இருக்கலாம் என்பது அதற்கும் பிந்தி, ஆறு வயதளவில்தான் உறுதிப்படுகிறது என்று பால் ஹாரிஸ் குழுவினர் 1986இல் காட்டினார்கள். ஆக, அப்பா பொய்க்கோபம் காட்டி மகளை அழவைக்கும் காட்சி ஐந்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்குப் பெரும்பாலும் பிராங்க்காகவே போய்ச் சேர்வதில்லை. அதற்குத் தெரிவது இவ்வளவுதான்: ஓர் அப்பா கத்தினார், ஒரு குழந்தை பயந்து அழுதது, சுற்றியிருந்த எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு சாதாரண விஷயமில்லை. முன்பின் தெரியாத ஒன்றை எதிர்கொள்ளும் குழந்தை, அருகிலிருக்கும் பெரியவரின் முகத்தைப் பார்த்தே அது நல்லதா கெட்டதா என்று முடிவுசெய்கிறது. 1985இல் வெளிவந்த ஒரு புகழ்பெற்ற சோதனையில், கண்ணாடித் தளத்துக்குக் கீழே பள்ளம் தெரிவதுபோல் அமைத்து, ஒரு வயதுக் குழந்தைகளைத் தவழவிட்டார்கள். மறுபக்கம் நின்ற தாய் மகிழ்ச்சி முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்து வந்தார்கள். பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூட வரவில்லை. திரையில் தெரியும் அந்நிய முகத்துக்கும் இந்த வலிமை உண்டா என்று டோனா மம்மி, ஆன் ஃபெர்னால்ட் இருவரும் 2003இல் சோதித்தார்கள். தொலைக்காட்சியில் ஒரு பெண் ஒரு பொருளைப் பார்த்து அஞ்சி விலகுவதைச் சில நொடிகள் காட்டிவிட்டு, அதே பொருளைக் குழந்தையின் முன் வைத்தார்கள். பத்து மாதக் குழந்தைகளிடம் மாற்றமில்லை. பன்னிரண்டு மாதக் குழந்தைகள் அதைத் தொடத் தயங்கின. முதல் பிறந்தநாள் வரும்போதே, திரையிலுள்ள மனிதரின் உணர்ச்சி குழந்தையின் நடத்தையைத் தொட்டுவிடுகிறது என்பது இதன் பொருள். அழும் குழந்தையின் மேல் சேர்ப்பொலியாகச் சிரிப்பையும் குதூகல இசையையும் ஏற்றும்போது, அழுகைக்கு எப்படி எதிர்வினையாற்றுவது என்ற பாடம் அங்கே நடந்துகொண்டிருக்கிறது.

பெரியவர்களாகிய நம்மையும் அந்த இசைதான் ஏமாற்றுகிறது. இது வேடிக்கை என்று நாம் யோசிக்கும் முன்பே அது தீர்ப்பு வழங்கிவிடுகிறது. அதனால் ஒரு சேனலை எடைபோட விரும்புபவர் முதலில் ஒலியை முழுக்க அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் பார்க்கட்டும், அதிலும் பிள்ளைகளின் முகத்தை மட்டும். அந்தக் குழந்தை தன் விருப்பத்தில் எதையாவது செய்துகொண்டிருக்கிறதா, கேமராவுக்காகத் திரும்பத் திரும்ப நிறுத்தி வைக்கப்படுகிறதா? முகத்தைத் திருப்பிக்கொண்டபோது கேமரா விலகுகிறதா, இன்னும் நெருங்குகிறதா? அழுதால் முதலில் தூக்குகிறார்களா, படம்பிடிக்கிறார்களா? காய்ச்சலில் கிடக்கும்போதும், குளிக்கும்போதும், திட்டு வாங்கும்போதும் கேமரா ஓடுகிறதா? சிரிப்பொலியில் மறைந்திருந்தது ஒலியில்லாதபோது வெளிப்பட்டுவிடும். இந்தச் சோதனைக்குத் தொழில்நுட்ப அறிவு தேவையில்லை, ஆங்கிலமும் தேவையில்லை.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் அறிவுபூர்வமான ஒன்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சிறு குழந்தைகள் திரையிலிருந்து கற்பது குறைவு என்று ஆய்வாளர்களே சொல்கிறார்களே, நல்லதையே சரியாகக் கற்காதவர்கள் கெட்டதை மட்டும் எப்படிக் கற்பார்கள் என்பது அந்தக் கேள்வி. நியாயமான கேள்வி. இரண்டு வயதையொட்டிய குழந்தைகள் நேரில் பார்த்ததைவிடத் திரையில் பார்த்ததைக் குறைவாகவே பின்பற்றுகிறார்கள் என்பது பல சோதனைகளில் உறுதியானது. ஆனால் அந்தப் பள்ளத்தை நிரப்பும் இரண்டு காரணிகளும் ஆய்வுகளில் தெரிந்திருக்கின்றன. ஒன்று, திரும்பத் திரும்பக் காட்டுவது. ரேச்சல் பார் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், காணொளிச் செய்முறையை இருமடங்கு முறை காட்டியபோது குழந்தைகள் நேரில் கற்றவர்களுக்கு இணையாகச் செய்தார்கள். மற்றொன்று, பழகிய முகம். 21 மாதக் குழந்தைகள் தமக்கு நன்கு பழகிய எல்மோ பொம்மை திரையில் செய்துகாட்டியதைக் கற்றுக்கொண்டார்கள், அறியாத பொம்மை செய்துகாட்டியதை அவ்வாறு கற்கவில்லை என்று அலெக்ஸிஸ் லாரிசெல்லா குழுவினர் 2011இல் கண்டார்கள். குடும்பச் சேனல் வேலைசெய்யும் விதமே இந்த இரண்டும்தான். அதே குடும்பம், அதே வணக்கம், நாள் தவறாமல் ஒரு காணொளி. அதுவும் பிள்ளைக்குப் பிடித்த ஒன்றையே பத்து முறை கேட்டுப் பார்க்கும் பழக்கம், முடிந்ததும் அடுத்ததைத் தானே ஓட்டும் தளம். ஒரு பிராங்க் காணொளியைப் பார்த்ததால் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போய்விடாது. சோதனைக்கூடத்தின் சில நிமிடங்களை வீட்டு வாழ்க்கையின் மேல் அப்படியே ஏற்றிவைக்கவும் கூடாது. நான் கவலைப்படுவது, ஒரு குழந்தையின் அன்றாடத் துணையாகவே ஆகிவிட்ட சேனலைப் பற்றி.

கடைசியில்தான் மன்னிப்புக் கேட்டுக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்களே, அதுவும் நல்ல பாடம்தானே என்பது அடுத்த மறுப்பு. பெரியவர் கதையின் முடிவிலிருந்து தொடக்கத்தைத் திருத்திப் படிக்கிறார். சிறு பிள்ளைகளுக்கு அது எளிதல்ல. மேரி-லூயிஸ் மேர்ஸ், எமிலி அகோஸ்டா இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், மழலையர் பள்ளிப் பிள்ளைகளுக்குச் 'சிவப்பு நாய் கிளிஃபோர்டு' தொடரின் ஓர் அத்தியாயத்தைக் காட்டினார்கள். மூன்று கால் நாய் ஒன்று வருகிறது. மற்ற நாய்கள் முதலில் அஞ்சி விலகுகின்றன, பிறகு நட்பாகின்றன. வேறுபட்டவர்களையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது எழுதியவர்கள் நினைத்த பாடம். பெரும்பாலான பிள்ளைகள் எடுத்துக்கொண்டது, மூன்று கால் நாய்களிடம் அன்பாக இருக்க வேண்டும் என்ற அளவுக்குத்தான். அஞ்சி விலகும் பகுதியைக் குறைத்துக் காட்டியபோது புரிதல் கூடியது. பிள்ளைகளுக்கென்றே நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட கதைக்கே இதுதான் நிலைமை. எட்டு நிமிடம் அழவைத்து இருபது நொடி அணைத்துக்கொள்ளும் காணொளியில் பிள்ளையிடம் தங்கப்போவது எது என்பதை ஊகிக்கச் சிரமமில்லை.

'டாம் அண்டு ஜெர்ரி' பார்த்து வளர்ந்த நாங்கள் கெட்டா போனோம் என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். கார்ட்டூன் முற்றிலும் தீங்கற்றது என்று சொல்லி இதிலிருந்து தப்ப நான் விரும்பவில்லை. ஆல்பர்ட் பந்தூரா 1963இல் செய்த சோதனையில், காற்றடைத்த பொம்மையைப் பெரியவர் அடிப்பதை நேரில் பார்த்த பிள்ளைகள், படமாகப் பார்த்த பிள்ளைகள், கார்ட்டூன் வடிவில் பார்த்த பிள்ளைகள் ஆகிய மூன்று குழுவினரிடமும் அடிக்கும் போக்கு கூடியது. ஆனால் டாமின் மேல் இரும்புக்கட்டி விழுந்தாலும் மறுநொடியே அடிபட்ட தடம் இல்லாமல் போகிறது. வீட்டிலிருக்கும் யாரும் பூனையுமல்லர், எலியுமல்லர். குடும்பக் காணொளியில் அழுவது பார்க்கும் குழந்தையின் வயதையொத்த குழந்தை, அழவைப்பது அதன் அம்மா. தன் வீட்டில் நடக்கக்கூடியது எது, கூடாதது எது என்ற அளவைக் குழந்தை கட்டிக்கொண்டிருக்கும் பருவத்தில் இந்த உறவுகளைத் தொடுவது வேறு வகையான காரியம்.

விளம்பரத்தைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை, விவரங்களே போதும். பொம்மைகளைப் பிரித்துக்காட்டும் ஒரு சிறுவனின் அமெரிக்கக் குடும்பச் சேனல் 2018 முதல் 2020 வரை மூன்று ஆண்டுகள் யூடியூபில் அதிகம் சம்பாதித்தவர்களின் ஃபோர்ப்ஸ் பட்டியலில் முதலிடம் பிடித்தது. விளம்பரத்தின் உள்நோக்கம் எட்டு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்குப் புரிவதில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2004இலேயே எச்சரித்திருந்தது. தளம் ஒட்டும் முத்திரையை நம்பலாமா என்றால், அதுவும் அரைகுறைதான். பிள்ளைகளின் தரவைத் திரட்டியதற்காக 2019இல் யூடியூப் 17 கோடி டாலர் கட்டிய பிறகுதான், காணொளி சிறுவர்களுக்கானதா என்று ஏற்றுபவரே அறிவிக்கும் முறை வந்தது. அப்படி அறிவித்தால் ஆள் பார்த்து விளம்பரம் காட்ட முடியாது, வருமானம் குறையும். அதனால் பிள்ளைகள் நிறைந்த குடும்பக் காணொளியையும் பொதுப் பார்வையாளர்களுக்கானது என்று குறிப்பதில்தான் ஏற்றுபவருக்கு ஆதாயம். காமன் சென்ஸ் மீடியாவும் மிச்சிகன் பல்கலைக்கழகமும் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, எட்டு வயதுக்குட்பட்டவர்கள் யூடியூபில் பார்த்தவற்றில் 27 சதவீதம் அவர்களைவிட மூத்தவர்களுக்காக எடுக்கப்பட்டவை.

இவ்வளவும் சொன்னதால் குடும்பக் காணொளியையே ஒதுக்கச் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். பாட்டியும் பேரனும் உட்கார்ந்து கொழுக்கட்டை பிடிப்பதை அவசரமில்லாமல் காட்டும் காணொளி மூன்று வயதுப் பிள்ளைக்கு நல்ல தீனி. அதில் ஒரு வேலைக்குத் தொடக்கமும் முடிவும் இருக்கிறது, கை செய்வதைக் கண் தொடர்கிறது, அந்தப் பேரன் மாவை அப்பிக்கொண்டு தன் பாட்டுக்கு இருக்கிறான். கூடவே ஒரு பெரியவர் இருந்து இடையிடையே நிறுத்தி, இப்போது என்ன செய்தார்கள், அவன் ஏன் சிரித்தான் என்று கேட்டால் பலன் இன்னும் கூடும். அப்படி நிறுத்திக் கேட்கப் பயிற்சிபெற்ற பெற்றோரோடு நான்கு வாரம் கதைக் காணொளிகள் பார்த்த மூன்று வயதுப் பிள்ளைகள், சும்மா பார்த்தவர்களைவிடக் கதையையும் சொற்களையும் கூடுதலாகக் கற்றதை கேப்ரியல் ஸ்ட்ரௌஸ் குழுவினர் 2013இல் பதிவுசெய்திருக்கிறார்கள்.

கூடவே உட்கார நேரமிருந்தால் கைபேசியை ஏன் கொடுக்கிறோம் என்ற குரல் எனக்குக் கேட்கிறது. மறுப்புகளிலேயே கனமானது இதுதான், அதைக் கேட்பவர் பெரும்பாலும் ஒரு தாய். உலைவைத்துவிட்டு, மாமியாருக்கு மருந்து கொடுத்துவிட்டு, வேலைக்கும் கிளம்ப வேண்டியவரிடம் ஒவ்வொரு காணொளியையும் முன்கூட்டிப் பார்க்கச் சொல்வது இரக்கமற்ற அறிவுரை. அதனால்தான் காணொளியை விட்டுவிட்டுச் சேனலை எடைபோடச் சொல்கிறேன். ஒரு சேனலின் நான்கைந்து தலைப்புகளையும் முகப்புப் படங்களையும் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். 'அழுதுட்டா', 'பயந்துட்டான்', 'ஷாக் குடுத்தோம்' என்று பிள்ளையின் துன்பத்தைத் தலைப்பில் வைத்து அழைக்கும் சேனலை அப்போதே விலக்கலாம். மிஞ்சியவற்றில் ஒன்றிரண்டை ஒலியில்லாமல் ஐந்து நிமிடம் பார்த்துத் தேர்ந்து, தரவிறக்கி வைத்துக்கொண்டு, அவற்றையே திரும்பத் திரும்பக் காட்டலாம். சிறு பிள்ளைக்குப் புதுமை வேண்டியதில்லை, நமக்குத்தான் அலுக்கிறது. அடுத்த காணொளியைத் தளம் தேர்ந்தெடுக்கும் வழியை அடைத்துவிட்டாலே தாயின் வேலைப்பளு பெரிதும் குறையும். வீட்டில் அப்பா என்று ஒருவர் இருந்தால் அந்த ஐந்து நிமிடம் அவருடையதாகவும் இருக்கலாம்.

காணொளியிலுள்ள குழந்தைக்கு நடப்பது அந்த வீட்டு விவகாரம், என் பிள்ளைக்கு ஏற்றதா என்பது மட்டுமே என் கவலை என்று ஒருவர் சொல்லலாம். இரண்டையும் பிரிக்க முடியவில்லை. 2019 சனவரி முதல் வாரத்தில் பெரிய சேனல்கள் வெளியிட்ட ஆங்கிலக் காணொளிகளை ஆராய்ந்த பியூ ஆய்வு மையம், 13 வயதுக்குட்பட்ட குழந்தை தோன்றும் காணொளிகள் மற்றவற்றைவிடச் சராசரியாக ஏறக்குறைய மூன்று மடங்கு பார்வை பெற்றதாகக் கணக்கிட்டது. அந்தப் பார்வைகளே மறுநாள் கேமராவை மீண்டும் எடுக்கவைக்கின்றன. பிரான்ஸ் 2020இலும், இல்லினாய் மாநிலம் 2023இலும், மேலே சொன்ன வழக்குக்குப் பிறகு யூட்டா 2025இலும் இந்தக் குழந்தைகளின் வருமானத்தையோ பிற்பாடு காணொளிகளை நீக்கக் கேட்கும் உரிமையையோ காக்கச் சட்டம் இயற்றியிருக்கின்றன. ஒரு வீட்டின் சாப்பாட்டு வேளையில் நாள்தோறும் ஓடும் சேனலுக்கு அந்த வீட்டிலிருந்து மாதம் முப்பது பார்வையாவது போகிறது. அதைப் பிள்ளையை அழவைக்காத வேறொரு சேனலுக்கு மாற்றிவிட அந்த வீட்டுப் பெரியவரால் இன்றைக்கே முடியும்.